குழந்தைகள் எமர்ஜென்சியில் ஒரு இரவு: 5-க்கு 4 கொடுக்கிறேன்

மகளுக்குப் 10 மாதம். முதல் நாள் வெறும் மூக்கொழுகல், அப்புறம் லேசான காய்ச்சல். இரண்டாம் நாள் இரவு பால் குடிக்க வாய் வைப்பாள், நாலு மடக்கு குடிப்பாள், உடனே விட்டுவிட்டு அழுவாள். மூச்சு வேகமாக வாங்குகிறது என்று புரிந்தது, ஆனால் எவ்வளவு வேகம் என்று சொல்லத் தெரியவில்லை. குழந்தைகளுக்கென்று தனி எமர்ஜென்சி இருக்கும் ஒரு மருத்துவமனைக்கு அள்ளிக்கொண்டு ஓடினோம். பெயர் சொல்லவில்லை, நல்லதும் குறையும் இரண்டையும் எழுதப் போகிறேன் என்பதால்.

உள்ளே போனதும் வந்த நர்ஸ் குழந்தையை என் கையிலிருந்து வாங்கவே இல்லை. "உங்க மடியிலேயே இருக்கட்டும்மா, சட்டையை மட்டும் தூக்குங்க" என்றார். ஓரடி தள்ளி நின்று, தொடாமல், சுவர்க் கடிகாரத்தையும் குழந்தையின் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணினார். எனக்கோ பதற்றம், எதையாவது செய்யுங்களேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் அந்த ஒரு நிமிடம்தான் அன்றைய இரவின் முக்கியமான பரிசோதனை என்று பிறகுதான் தெரிந்தது. கைக்குழந்தைகள் நாலு மூச்சு வேகமாக விட்டு கொஞ்சம் நிறுத்தி மறுபடி விடுவார்கள், அதனால் 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் கணக்கு தப்பிவிடும். அழ வைத்துவிட்டு எண்ணினாலும் தப்பும். 62 வந்தது. 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் நிமிடத்துக்கு 50-ஐத் தொட்டாலே வேக மூச்சு, ஒரு வயதுக்கு மேல் 5 வயது வரை 40. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுவதையும், மூக்கு விடைப்பதையும் எனக்கும் காட்டினார். அதற்குப் பிறகுதான் பாதத்தில் அந்தச் சிவப்பு விளக்குப் பட்டையைச் சுற்றினார். ரத்தத்தில் ஆக்சிஜன் 89 சதவீதம், அது குறைவு.

டாக்டர் வந்து சொன்ன பெயர் பிராங்கியோலைட்டிஸ். 2 வயதுக்குள் வருவது, பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ், நுரையீரலின் மிகச் சின்னக் குழாய்கள் வீங்கிச் சளி அடைத்துக்கொள்ளும். என் கணவர் உடனே நெபுலைசர் வைக்கச் சொன்னார், எக்ஸ்ரே கேட்டார், ஆன்டிபயாடிக்கும் கேட்டார். வேறு யாராவதாக இருந்தால் எங்கள் திருப்திக்காகவாவது மூன்றையும் செய்திருப்பார்கள். இந்த டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், நெபுலைசரில் வைக்கும் மருந்து அதைத் தளர்த்தும். இங்கே இருப்பது வீக்கமும் சளியும், தளர்த்துவதற்கு எதுவும் இல்லை. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. எக்ஸ்ரேயில் இந்த நோயிலேயே சில நிழல்கள் தெரியும், அதை நிமோனியா என்று எண்ணித் தேவையில்லாத மருந்து கொடுக்க நேரும். "இன்னைக்கு 2-வது நாள். 3-லிருந்து 5-வது நாள் வரைக்கும்தான் ஜாஸ்தியா இருக்கும், அதனால இங்கேயே வெச்சுப் பார்க்கலாம்" என்றார். என்ன செய்ய மாட்டேன், ஏன் செய்ய மாட்டேன் என்று பொறுமையாகச் சொன்ன டாக்டரை நான் அன்றுதான் பார்த்தேன்.

செய்தது எல்லாம் எளிய விஷயங்கள். மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டுச் சளியை உறிஞ்சி எடுத்தார்கள், மெல்லிய குழாயில் ஆக்சிஜன், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால். இந்த வயதில் பெரும்பாலும் மூக்கால்தானே மூச்சு, அடைப்பு எடுத்த பத்தாவது நிமிடம் என் பிள்ளை நிறுத்தாமல் பால் குடித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும்தான் நான் அழுதேன்.

இப்போது குறை. வெளியே காத்திருந்தவர்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. வலிப்போடு வந்த ஒரு குழந்தையை முதலில் எடுத்தார்கள், அது சரி, அப்படித்தான் எடுக்க வேண்டும். ஆனால் ஒரு மணி நேரமாகக் காய்ச்சல் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு தாத்தாவுக்கு அது எப்படித் தெரியும்? வந்த வரிசைப்படி இல்லை, நிலைமையைப் பார்த்துத்தான் எடுப்போம் என்று ஒருவர் வந்து சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று, ஷிஃப்ட் மாறியபோது புதிதாக வந்தவர் எடையைக் கேட்டார். நான் குத்துமதிப்பாக 9 கிலோ என்றேன், அவரும் எழுதிக்கொண்டார். நல்லவேளை, பழைய நர்ஸ் கிளம்பும் முன் அதைப் பார்த்து அடித்துவிட்டு, எடைக்கருவியில் வைத்து எடுத்த 8 கிலோவை எழுதினார். குழந்தைகளுக்குப் பெரும்பாலான மருந்துகளுக்குக் கிலோக் கணக்குத்தான். காய்ச்சலுக்கான பாராசிட்டமால் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம், அதாவது இவளுக்கு 120. அதே 120 மில்லிகிராம், 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 5 மில்லிலிட்டர். 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 2.4 மில்லிலிட்டர், ஒரு மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தில் வெறும் 1.2 மில்லிலிட்டர். இத்தனை நாளாக "ஒரு ஸ்பூன்" என்று கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். தயவுசெய்து பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்.

அங்கே சேர்ந்த மூன்றாம் நாள் மாலை வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு தாள்: வழக்கத்தில் பாதிக்கும் குறைவாகப் பால் குடித்தால், 12 மணி நேரம் டயப்பர் நனையாவிட்டால், முனகலோடு மூச்சு விட்டால், மூச்சு நின்று நின்று வந்தால், உதடு நீலமானால் யோசிக்காமல் திரும்பி வாருங்கள். இருமல் மட்டும் 3 வாரம் வரை இழுக்கலாம், பயப்பட வேண்டாம் என்றும் எழுதியிருந்தது. 17-ஆம் நாள் நின்றது. அதுவரை அந்தத் தாளை ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து நாங்கள் எடுக்கவில்லை.