தடுப்பூசி அட்டையை நம்பிப் பூனைக்குட்டி வாங்காதீர்கள்: ராமநாதபுரம் பக்கத்தினருக்கு ஓர் எச்சரிக்கை

ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், கீழக்கரை வட்டாரத்தில் யாராவது "மீட்கப்பட்ட பூனைக்குட்டி இருக்கிறது, தத்தெடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால், குட்டியைக் கையில் வாங்கும் முன் அது இருந்த அறையைக் காட்டச் சொல்லுங்கள். தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அறையைக் காட்ட மறுத்தாலும் சரி, ஸ்டிக்கர் இல்லாவிட்டாலும் சரி, வெறுங்கையோடு திரும்பிவிடுங்கள். ஒரு பொய் அட்டையால் எங்கள் வீட்டில் ஒரு குட்டி செத்துப்போனது. என் மகள் இன்று ரேபிஸ் தடுப்பூசிக்காக ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருக்கிறாள்.

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் பகுதியில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் இறங்குதளங்களில் கழிவு மீனை நம்பி வாழும் பூனைகள் அந்த நாட்களில் வயிறு ஒட்டிக் கிடப்பதை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம். நம்முடைய அந்த இரக்கத்தைத்தான் எங்களுக்குக் குட்டி கொடுத்த பெண் முதலாக்கிக்கொண்டார். ஆதரவற்ற குட்டிகளைத் தற்காலிகமாக வளர்க்கும் ஃபாஸ்டர் ஹோம் நடத்துகிறார் என்று தெரிந்தவர் ஒருவர் எண் கொடுத்திருந்தார். பேசினேன்.

"அக்கா, தடைக்காலத்தில் இறங்குதளத்தில் பட்டினி கிடந்த குட்டி. தாய் செத்துவிட்டது. நான்தான் வீட்டில் வைத்துத் தேற்றினேன். இரண்டு மாதம் முடிந்துவிட்டது. இரண்டு தவணை ஊசியும் ரேபிஸ் ஊசியும் போட்டாயிற்று. தத்துக்கு நான் காசு வாங்குவதில்லை அக்கா, ஊசிச் செலவு 2,500 ரூபாய் மட்டும் கொடுங்கள்" என்றார். குரலில் அவ்வளவு கனிவு.

அவர் வீட்டு வாசலைத் தாண்டி எங்களை விடவில்லை. "மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார், உள்ளே வர வேண்டாம் அக்கா" என்று சொல்லி, துளை போட்ட அட்டைப்பெட்டியைக் கேட்டுக்கு வெளியே நீட்டினார். வீட்டுக்குள்ளே பல குட்டிகள் மெல்லிய குரலில் கத்திக்கொண்டிருந்தன. புளித்த வாடை தெருவரை வந்தது. மற்றக் குட்டிகளைப் பார்க்கலாமா என்று மகள் கேட்டதற்கு, "அதுங்க தூங்குகின்றன பாப்பா" என்று பதில் வந்தது.

சாம்பல் நிறத்தில் கறுப்புக் கோடு போட்ட குட்டி. ஒல்லியாக இருந்ததால் மகள் அதற்கு நெத்தலி என்று பெயர் வைத்தாள். முதுகெலும்பு விரலில் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது, வயிறு மட்டும் உப்பி நின்றது. அவித்த மீனை முள் நீக்கி மசித்து வைத்தோம், தொடவே இல்லை. பெட்டிக்குள் விரித்த துணியின் ஓரத்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே இருந்தது. தாயின் காம்பைத் தேடுகிற குட்டி அது. தூக்கப்போன மகளின் மணிக்கட்டில் நகம் பட்டு ஒரு கீறல் விழுந்தது, ரத்தம் வரவில்லை.

மறுநாளே வாந்தி. மஞ்சள் நுரையாக எடுத்தது. பிறகு தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் தாடையைச் சாய்த்து அப்படியே உட்கார்ந்துகொண்டது. தாகம் இருக்கிறது, குடிக்க முடியவில்லை. அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை.

கால்நடை மருத்துவர் முதலில் அதன் உதட்டைக் கட்டைவிரலால் தூக்கிப் பார்த்தார். முன்பற்களும் கோரைப்பற்களும் மட்டும் முளைத்திருந்தன. "இரண்டு மாதக் குட்டிக்கு 26 பால் பற்களும் வந்திருக்க வேண்டும் அம்மா. கண்ணில் நீலம்கூட மாறவில்லை. இதற்கு ஒரு மாதம் இருந்தால் அதிகம்" என்றார். அடுத்து அட்டையைக் கேட்டார். மூன்று நோய்களைத் தடுக்கும், பூனைகளுக்கான முத்தடுப்பு ஊசியின் முதல் தவணை எட்டாவது வாரத்தையொட்டிப் போடப்படுகிறது. அடுத்த தவணை மூன்று, நான்கு வாரம் கழித்து. ரேபிஸ் ஊசி மூன்று மாதம் ஆன பிறகுதான். ஆக, அந்தப் பெண் சொன்ன வயதே உண்மையாக இருந்தாலும் அட்டையில் எழுதியிருந்தது நடந்திருக்கவே முடியாது. ஊசி போடும் மருத்துவர் மருந்துக் குப்பியிலிருந்து உரித்த ஸ்டிக்கரை அட்டையில் ஒட்டுவார். அதில் தொகுதி எண்ணும் காலாவதி தேதியும் இருக்கும். பக்கத்தில் கையெழுத்து, பதிவு எண்ணுடன் முத்திரை. எங்கள் அட்டையில் பால்பாயிண்ட் பேனாவில் மூன்று தேதிகளும், படிக்க முடியாத ஒரு ரப்பர் முத்திரையும் மட்டுமே இருந்தன.

நோய், பூனைகளைத் தாக்கும் பார்வோ வகை வைரஸால் வருவது. மருத்துவப் பெயர் பான்லூகோபீனியா. குடலைப் புண்ணாக்கி, ரத்தத்தின் வெள்ளையணுக்களை அழித்துவிடும். வைரஸ் தொற்றி அறிகுறி தெரியவே குறைந்தது இரண்டு நாளாவது ஆகும், பத்து நாள் வரையிலும் ஆகலாம். எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாளே வாந்தி எடுத்த குட்டி நோயை எங்கிருந்து கொண்டுவந்தது என்பதில் மருத்துவருக்குச் சந்தேகமே இல்லை. டிரிப்ஸ் ஏற்றினார், குளுக்கோஸ் கொடுத்தார். மதுரைக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டேன். நூறு கிலோமீட்டருக்கு மேலான பயணத்தைக் குட்டி தாங்காது என்றார். அன்று இரவு என் மடியிலேயே நெத்தலி அடங்கிவிட்டது.

அழுகை ஓய்வதற்குள் அடுத்த கவலை வந்தது. கீறியது ஆரோக்கியமான பூனையாக இருந்து, பத்து நாள் கண்காணிப்பில் நலமாகவே இருந்தால் ரேபிஸ் ஊசியைப் பாதியில் நிறுத்த இடமுண்டு. இங்கே பூனையே இல்லை, அட்டையும் பொய். கீறிய உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவியிருந்தோம். ஆனாலும் முழுத் தவணையும் போட்டாக வேண்டும் என்று அரசு மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். முதல் ஊசி, பிறகு 3, 7, 28ஆம் நாட்களில். ஊசி இலவசம்தான். பள்ளிக்கூடப் பிள்ளை, செத்துப்போன குட்டியை நினைத்துக்கொண்டே ஒவ்வொரு முறையும் கையை நீட்டுகிறாள். ஊசிச் செலவு என்று காசு வாங்கிக்கொண்டு ஊசி போடாமல் விட்டவர் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அவரைக் கூப்பிட்டேன். "மீன் கொடுத்தீர்களா? அதுதான் ஒத்துக்கொள்ளவில்லை. என் கையில் இருந்தவரை நன்றாகத்தான் இருந்தது" என்றார். மற்றக் குட்டிகளையாவது மருத்துவரிடம் காட்டுங்கள் என்று கெஞ்சினேன். இணைப்பைத் துண்டித்தார், அதன்பின் என் எண்ணையே முடக்கிவிட்டார். எண் கொடுத்த நண்பர் விசாரித்ததில், அதே வீட்டில் குட்டி வாங்கிய இன்னும் இரண்டு குடும்பங்களிலும் வாந்தி, சாவு என்று இதே கதை நடந்திருக்கிறது. தாய் செத்துவிட்டது என்ற பேச்சையும் இப்போது நான் நம்பவில்லை. பால்குடி மறக்காத குட்டியைத் தாயிடமிருந்து பறித்து வந்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

சொந்தக் காசைப் போட்டு, இரவெல்லாம் விழித்து, சொட்டுக்குழாயில் பால் புகட்டிக் குட்டிகளைக் காப்பாற்றுகிறவர்கள் இந்தக் கடற்கரையில் இருக்கிறார்கள். அவர்கள் உங்களை வீட்டுக்குள் அழைத்து உட்கார வைப்பார்கள், உங்கள் வீட்டைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பார்கள், எட்டு வாரம் ஆகும் முன் குட்டியைத் தரமாட்டார்கள். அவர்கள் பெயரும் சேர்ந்து கெடுகிறதே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த வீட்டிலிருந்து குட்டி வாங்கியவர்கள் இதைப் படித்தால், குட்டி துள்ளி விளையாடினாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டிலோ பக்கத்திலோ இருக்கும் மற்றப் பூனைகளை அருகே விடாதீர்கள். குட்டி இறந்திருந்தால் பினாயில் ஊற்றிக் கழுவியதோடு விட்டுவிடாதீர்கள், அதற்கு இந்த வைரஸ் சாகாது. ஓராண்டு வரைகூடத் தரையிலும் துணியிலும் உயிரோடு இருக்கும். கடையில் கிடைக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் என்ற கணக்கில் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். பெட்டி, துணி எல்லாவற்றையும் எரித்துவிடுங்கள். தடுப்பூசி முழுதாகப் போடாத புதுக் குட்டியை அந்த வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். மனிதர்களுக்கு இந்த நோய் வராது.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்கியிருக்கிறேன். விசாரணையில் இருப்பதால் பெயரையும் தெருவையும் இங்கே எழுதவில்லை. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் மனுக் கொடுக்கப் போகிறேன். உங்களிடம் அதே ரப்பர் முத்திரை போட்ட அட்டை இருந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அதன் நகலையும் பணம் அனுப்பிய ரசீதையும் வைத்து நீங்களும் தனியாக ஒரு மனுக் கொடுங்கள். அந்தக் கேட்டுக்குப் பின்னால் இன்னும் குட்டிகள் இருக்கின்றன.