கைக்குழந்தைக்கு ஊரில் உடம்பு சரியில்லாமல் போனால்: கும்பகோணத்தில் பார்த்த வைத்தியம்

இங்கிலாந்திலிருந்து பத்து மாதக் குழந்தையோடு பாபநாசத்துக்குப் போயிருந்தோம். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே பாப்பாவுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்துவிட்டது. ஊரில் குழந்தை டாக்டரைப் பார்ப்பது நாங்கள் வசிக்கும் ரெடிங்கில் பார்ப்பதைவிடச் சுலபம் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் என்ன மருந்து, எவ்வளவு, எதற்கு என்ற விவரம் நாமாகக் கேட்டால்தான் கிடைக்கிறது. கைக்குழந்தையோடு கிளம்புகிறவர்களுக்கு உதவட்டும் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

ஞாயிறு மாலைகளில் தனியார் கிளினிக்குகள் பெரும்பாலும் திறப்பதில்லை. பாப்பாவுக்கு அதிகமானதும் ஞாயிற்றுக்கிழமை இரவில்தான். பக்கத்தில் திறந்திருந்த ஒரு நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே எடையே பார்க்கவில்லை. குழந்தையைத் தொட்டுப் பார்ப்பதற்குள் அட்மிட் பண்ணி குளுக்கோஸ் ஏற்றணும், ஆன்டிபயாடிக் ஊசி போடணும் என்று சொல்லிவிட்டார்கள். எதற்கு ஆன்டிபயாடிக் என்று கேட்டால், "போட்டா சீக்கிரம் நிக்கும்" என்பதுதான் பதில். இந்த வயதில் வரும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் வைரஸால் வருவது. மலத்தில் ரத்தம் இருந்தாலோ காலரா போன்ற சில நோய்களாக இருந்தாலோதான் ஆன்டிபயாடிக்குக்கு வேலை. எடைகூடப் பார்க்காமல் ஒரு குழந்தைக்கு மருந்தின் அளவை எப்படி முடிவு செய்வார்கள்? எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

எங்கள் அத்தை பாப்பாவின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "உச்சிக்குழி உள்வாங்கலம்மா, பால் குடிக்கிறா, சிரிக்கிறா. காலையில பெரிய டாக்டர்கிட்ட காட்டலாம்" என்றார். உச்சிக்குழி உள்ளே போவது உடம்பில் நீர் வற்றியதன் அடையாளம். மறுநாள் டாக்டர் முதலில் தொட்டுப் பார்த்ததும் அதைத்தான். குழந்தை நன்றாகக் குடித்தது, மூத்திரமும் போனது, அதனால் துணிந்து வீட்டுக்குக் கூட்டிவந்தோம். குழந்தை துவண்டு கிடந்தாலோ, எதையும் குடிக்க மறுத்தாலோ, ஆறு மணி நேரத்துக்கு மேல் மூத்திரம் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ காத்திருக்கவே கூடாது. அப்போது குளுக்கோஸ் ஏற்றுவது உயிர் காக்கும் வைத்தியம். 108 ஆம்புலன்ஸ் இலவசம். தஞ்சாவூரில் ராசா மிராசுதார் மருத்துவமனை பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அரசு மருத்துவமனை.

திங்கட்கிழமை காலை கும்பகோணத்தில் ஒரு குழந்தை நல மருத்துவரின் கிளினிக். போனில் டோக்கன் வாங்கிப் போனோம், ஒரு மணி நேரத்துக்குள் கூப்பிட்டுவிட்டார்கள். கட்டணம் 300 ரூபாய். ரெடிங்கில் அரசு மருத்துவத்தில் குழந்தை நல நிபுணரை இப்படி நேராகப் போய்ப் பார்க்க வழி கிடையாது. ஜி.பி. என்னும் குடும்ப டாக்டர் எழுதித் தரவேண்டும், இல்லையென்றால் அவசரப் பிரிவில் காத்துக் கிடக்கவேண்டும்.

நர்ஸ் டயபரைக்கூடக் கழற்றிவிட்டுத் தராசுத் தட்டில் கிடத்தினார். 8.4 கிலோ. அந்த எண்ணைச் சீட்டின் மேலே பெரிதாக எழுதி வட்டமும் போட்டார். டாக்டர் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் லேசாகக் கிள்ளி விட்டார், தோல் உடனே பழையபடி படிந்தது. நாக்கில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். "அழுதா கண்ணீர் வருதா? கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனா?" இவ்வளவுதான் பரிசோதனை. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதுவும் இல்லை. தாய்ப்பாலை நிறுத்தாதே, ஓ.ஆர்.எஸ். (உப்பு சர்க்கரைக் கரைசல்) கொடு, ஜிங்க் (துத்தநாகச் சத்து) கொடு என்றார். அத்தை உரைமருந்து கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, "இப்போதைக்கு வேண்டாம்மா, அந்த பாலாடையில ஓ.ஆர்.எஸ். ஊட்டுங்க" என்று அவர் கையிலேயே அந்த வேலையைக் கொடுத்துவிட்டார். அத்தையும் அசராமல் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினார். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, மறுபடி மெதுவாக.

இந்த ஓ.ஆர்.எஸ். விஷயத்தில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கவனமாக இருக்கவேண்டும். இங்கிலாந்தில் நாம் வாங்கும் டயோராலைட் பாக்கெட் 200 மில்லி தண்ணீரில் கலக்குவது. ஊரில் மெடிக்கலில் தரும் பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு. அதை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்தால் உப்பு பல மடங்காகி குழந்தைக்கு ஆபத்து. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைப் படித்துவிட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கலக்கி, 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் கொட்டிவிடவேண்டும். அப்புறம், பழச்சுவையோடு அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவை விகிதத்தில் இல்லாத பானங்கள் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டது. சர்க்கரை அதிகமானால் வயிற்றுப்போக்கும் அதிகமாகும்.

காய்ச்சல் மருந்தில் இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. இங்கிலாந்தில் கைக்குழந்தைக்கு நாம் கொடுக்கும் பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் மருந்து. ஊரில் அதே அளவிலும் கிடைக்கும், 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் உள்ளதும் கிடைக்கும். சொட்டு மருந்து என்றால் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். "வழக்கம்போல 5 மில்லி" என்று சொட்டு மருந்தை ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். அதனால் டாக்டரிடம் மில்லிகிராமாகவும் மில்லியாகவும் சேர்த்து எழுதித் தரச் சொன்னேன். ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார், பிறகு முகம் சுளிக்காமல் எழுதினார். நோயின் பெயரையும் எழுதினார். கேட்காவிட்டால் மருந்துப் பெயரும் "1-0-1" என்பதும் மட்டும்தான் சீட்டில் இருந்திருக்கும்.

ஜிங்க் மாத்திரையை நாங்கள் கடையில் வாங்கவில்லை. தெருவுக்கு வந்த கிராம சுகாதார செவிலியர் விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்குள் வந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ்.ஸும் ஜிங்க்கும் இலவசம் என்று சொல்லி அவரே கொண்டுவந்து தந்தார். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், 14 நாள். ஒரு ஸ்பூன் தாய்ப்பாலில் போட்டால் மாத்திரை தானாகக் கரைந்துவிடுகிறது. இங்கிலாந்தில் வயிற்றுப்போக்குக்கு ஜிங்க் கொடுக்கும் வழக்கம் இல்லாததால் எனக்குச் சந்தேகம் வந்தது. போக்கு நின்ற பிறகும் 14 நாளும் கொடுக்கவேண்டும், அடுத்த சில மாதங்களுக்கு மறுபடி வருவதையும் அது குறைக்கும் என்று பொறுமையாக விளக்கினார். இங்கிலாந்தில் தடுப்பூசி விவரங்களை எழுதித் தரும் பாப்பாவின் சிவப்புப் புத்தகத்தை வாங்கிப் புரட்டி, ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து கொடுத்தாகிவிட்டதா என்று தேதியோடு சரிபார்த்தார். நான் வெளிநாட்டுக்காரி, வீட்டுக்கு நான்கு நாள் விருந்தாளி. அந்த அம்மாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, தன் தெருவில் இருக்கும் குழந்தை தன் பொறுப்பு என்றுதான் பார்த்தார். அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

இனி பணம். பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் மருத்துவ ஒப்பந்தம் எதுவும் இல்லை, அதனால் குழந்தையின் பெயரையும் சேர்த்துப் பயணக் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும். எங்களுக்கு ஆன செலவு கோரிக்கை வைக்கும் அளவுக்குக்கூட இல்லை. ஆனால் அட்மிட் பண்ணும் நிலை வந்தால், காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு முதலில் போன் பண்ணிவிடுங்கள். வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில், டாக்டரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் முத்திரையும் உள்ள ரசீது எல்லாவற்றையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். ரெடிங்குக்கு வந்த பிறகு போனில் கேட்டு வாங்குவது பெரும்பாடு.