பள்ளி ஆயத்த மதிப்பீடு: ஒரே மையம், இரண்டு பிள்ளைகள், மூன்று நட்சத்திரம்

மையத்தின் பெயரைப் போடவில்லை. அங்கே குழந்தையோடு உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் தங்கமானவர்கள். கோளாறு முழுக்க ரிப்போர்ட்டில்தான். அதே மாதிரி ரிப்போர்ட் வேறு இடங்களிலும் வரலாம் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டுக் கணக்கு. பிள்ளைகளின் பள்ளியில் முதல் வகுப்புக்கு ஒரு கட்-ஆஃப் தேதி உண்டு. அன்றைக்கு ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். மூத்தவள் அந்தத் தேதிக்கு நாலு நாள் கழித்துப் பிறந்தவள். அதனால் ஒரு வருஷம் காத்திருந்து, கிட்டத்தட்ட ஆறு வயதில் சேர்ந்தாள். வகுப்பிலேயே பெரியவள். சின்னவன் அதே தேதிக்கு ஆறு நாள் முன்னாலேயே வந்துவிட்டான். இந்த வருஷம் சேர்த்தால் வகுப்பிலேயே பொடியன் அவன்தான். இரண்டு பேருக்கும் வயது வித்தியாசம் நாலு வருஷத்துக்குப் பத்து நாள் குறைவு. வகுப்பு வித்தியாசமோ மூன்றுதான். ஒரு முழு வருஷத்தை அந்தப் பத்து நாள் விழுங்கிவிட்டது.

மூன்று வருஷம் முன்னால் மூத்தவளை இதே மையத்துக்குக் கூட்டிப்போனேன். ஐந்து வயது பத்து மாதம் அப்போது. ரிப்போர்ட்டில் எல்லாக் கட்டத்திலும் ‘மிகச் சிறப்பு’. அதை லேமினேட் செய்யாத குறைதான். யார் வந்தாலும் பேச்சை எப்படியாவது அந்தப் பக்கம் திருப்பி, "மிகச் சிறப்புன்னு போட்டிருக்காங்க" என்று சொல்லியிருக்கிறேன். இதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன், பின்னால் தேவைப்படும்.

இந்த முறை சின்னவன். நாலு வயது பத்து மாதம். சொன்ன நேரத்துக்கு மேல் இருபத்தைந்து நிமிஷம் காக்க வைத்தார்கள். அந்த வயதுப் பிள்ளைக்கு இருபத்தைந்து நிமிஷம் என்பது, கொண்டுபோன பொறுமையில் பாதி. உள்ளே போனபிறகு குறை சொல்ல ஒன்றுமில்லை. மதிப்பீட்டாளர் தரையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். வளைகோட்டின் மேல் கத்தரிக்கோலால் வெட்டுவது, மணி கோர்ப்பது, ஒற்றைக் காலில் நிற்பது, மூன்று படங்களை வரிசைப்படுத்திக் கதை சொல்வது. வட்டம், சதுரம், முக்கோணம், சாய்சதுரம் என்று பார்த்து வரையவும் சொன்னார். முக்கோணம் ஐந்து வயதையொட்டித்தான் கைக்கு வரும். சாய்சதுரம் ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளுக்கே தகராறு. இவன் சாய்சதுரத்துக்கு நாலு மூலையிலும் காது வைத்தான். அந்த அம்மா ஒரு தடவைகூட ‘தப்பு’ என்று சொல்லவில்லை. "அடுத்தது போவோமா?" என்று மட்டும் கேட்டார். இதற்கு முழு மதிப்பெண்.

கடைசியாக ‘ஒரு ஆள் வரை’ என்றார். அவன் வரைந்த ஆளுக்குக் கழுத்து கிடையாது, வயிறும் கிடையாது. பெரிய வட்டத் தலை, அதிலிருந்தே இரண்டு கை, இரண்டு கால். ஒரு கையில் ஏழு விரல். "அவருக்கு எண்ணத் தெரியாது" என்று விளக்கம் வேறு.

ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. ‘எழுத்துக்கு முந்தைய கைத்திறன்: எதிர்பார்ப்புக்குக் கீழ். கவனம் நிலைக்கும் நேரம்: எதிர்பார்ப்புக்குக் கீழ், கவனிக்கத்தக்கது.’ அடியில் பன்னிரண்டு அமர்வுப் பயிற்சிக்குப் பரிந்துரை. பயிற்சி தருவதும் அதே மையம்தான் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மூத்தவளின் ஃபைலை எடுத்துப் புரட்டினேன், ஒப்பிட்டு வருத்தப்படத்தான். அதில் ஒரு படம் இருந்தது. பெரிய வட்டத் தலை, தலையிலிருந்தே கை கால். பின்பக்கம் என் கையெழுத்தில் தேதி. விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அதை வரைந்தபோது அவளுக்கும் நாலு வயது பத்து மாதம். அந்த வயதில் அவளை யாரும் மதிப்பிடவில்லை. காத்திருக்கும் வருஷத்துக்கு முன்னால் வீட்டுத் தரையில் படுத்து வரைந்த படம் அது. மையத்துக்குப் போனபோது அவளுடைய ஆளுக்குச் சட்டைப் பொத்தானே வந்துவிட்டது.

இதற்குப் பிறகுதான் ரிப்போர்ட்டின் அட்டவணைத் தலைப்பைச் சரியாகப் படித்தேன். ‘முதல் வகுப்பில் சேரவிருக்கும் குழந்தைகள்’ என்று ஒரே ஒரு பத்தி. ஐந்தைத் தொடாதவனும் ஆறைத் தொடப்போகிறவளும் அதே பத்தியில். அந்த வயதில் ஒரு வருஷம் என்பது சின்னவன் இதுவரை வாழ்ந்ததில் ஐந்தில் ஒரு பங்கு.

இது நானாகக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களில் வருஷத் தொடக்கத்தில் பிறந்தவர்கள் அதிகம் என்று 1985-லேயே எழுதிவிட்டார்கள். அங்கே வயதுப் பிரிவுக்கு ஜனவரி 1 கணக்கு, அதனால் பிரிவிலேயே பெரியவர்கள் அவர்கள்தான். பல நாட்டு மாணவர்களின் மதிப்பெண்ணை வைத்து 2006-ல் வந்த ஆய்வில், வகுப்பில் இளையவர்கள் நாலாம் வகுப்பில் 4 முதல் 12 சதமானம் வரை (நூறு பேரை மதிப்பெண்படி நிறுத்தினால் அத்தனை இடம்) பின்னால் இருந்தார்கள். எட்டாம் வகுப்பிலும் அது முழுசாக மறையவில்லை, 2 முதல் 9 வரை மிச்சம். என்னை உலுக்கியது 2018-ல் அமெரிக்காவில் வந்த மருத்துவ ஆய்வு. செப்டம்பர் 1 கட்-ஆஃப் உள்ள மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்த பிள்ளைகளுக்குக் கவனக்குறைவு மிகைச்செயல் கோளாறு (ADHD) என்று முத்திரை விழுவது செப்டம்பரில் பிறந்தவர்களைவிட 34 சதவீதம் அதிகம். அந்தக் கட்-ஆஃப் இல்லாத இடங்களில் இந்த வித்தியாசம் தெரியவில்லை. ‘கவனிக்கத்தக்கது’ என்று என் பையனுக்குப் போட்டிருந்த இடத்தை மறுபடி போய்ப் பார்த்தேன்.

மையத்துக்குப் போனேன். முன்னால் இருந்த பெண் "எல்லாருக்கும் இதே டேபிள்தான் மேடம்" என்றார். மதிப்பீட்டாளரைப் பார்க்காமல் போவதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன். அவர் வந்தார், கேட்டார், கொஞ்சம் சங்கடப்பட்டார், அலமாரியிலிருந்து தடிமனான கையேட்டை எடுத்தார். அதில் மூன்று மூன்று மாதமாகப் பிரித்துத் தனித்தனி அட்டவணை இருக்கிறது! கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் போடும்போது வகுப்பைத் தேர்வு செய்கிறார்கள், வயதை இல்லை. அவ்வளவுதான் விஷயம். கையாலேயே கணக்குப் போட்டார். கைத்திறன்: வயதுக்கேற்ற அளவு. கவனம்: வயதுக்கேற்ற அளவு. கதை சொல்வதில் வயதுக்குச் சற்று மேலே.

அதோடு எழுந்து வந்திருக்க வேண்டும். பையில் மூத்தவளின் பழைய ரிப்போர்ட்டும் இருந்தது. "இதையும் பார்த்துடுங்களேன்" என்று நீட்டினேன். அவர் விரலை அட்டவணையில் ஓட்டினார். ஐந்து வயது பத்து மாதத்துக்கு உரிய பத்தியில் ‘மிகச் சிறப்பு’ எல்லாம் ‘சராசரி’ ஆனது. ஒன்றே ஒன்று ‘சராசரிக்குச் சற்று மேல்’. "நல்லாத்தான் செஞ்சிருக்கா" என்று அவர் ஆறுதல் சொன்னார். மூன்று வருஷமாக நான் கட்டிய கோட்டை அந்த அறையில் சரிந்தது. மூத்தவளிடம் இன்னும் சொல்லவில்லை. ஆசிரியர் எப்போதும் அவளைத்தான் வகுப்புத் தலைவியாகப் போடுகிறார், அவளும் அதற்கேற்ற மாதிரி வளர்ந்துகொண்டிருக்கிறாள். அதில் எது கட்-ஆஃப் தேதி கொடுத்தது, எது அவளுடையது என்று இனிமேல் யார் பிரிப்பது?

இந்த வருஷமே சேர்ப்பதா, ஒரு வருஷம் நிறுத்துவதா என்று கேட்டால் இந்த மையத்தில் உருப்படியான பதில் கிடைக்காது. இங்கிலாந்தில் ஏப்ரல் 1-க்கும் ஆகஸ்ட் 31-க்கும் இடையில் பிறந்தவர்களை ஒரு வருஷம் தள்ளிச் சேர்க்கப் பெற்றோர் கோரிக்கை வைக்கலாம். எல்லா இடத்திலும் அந்த வசதி கிடையாது. என் கணவர் அவர் வகுப்பிலேயே சின்னவர், உயரவரிசையில் எப்போதும் முதல் ஆள். "உயரம் அப்புறம் வந்துடுச்சு. முன்னாடி நின்ன ஞாபகம் போகலை" என்கிறார். ஆனாலும் சேர்த்துவிடலாம் என்று அவர்தான் சொன்னார். சேர்க்கிறோம். வகுப்பாசிரியரிடம் பிறந்த தேதியை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுவோம்.

போகிறவர்களுக்கு: மதிப்பீட்டாளர் அருமையானவர், தைரியமாகப் போகலாம். ரிப்போர்ட் வந்ததும் எந்த வயது அட்டவணை என்று கேளுங்கள், பிள்ளை ‘மிகச் சிறப்பு’ வாங்கியிருந்தாலும். பயிற்சிக்கு அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். திருத்திய ரிப்போர்ட்டை அச்சடித்து முத்திரையோடு தர இன்னும் ஒன்பது நாள் ஆனது.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது அட்டவணைக்காக. இன்னொன்று, ஏழு விரல் ஆளின் அசலைத் தர மாட்டோம், ஃபைலில் இருக்க வேண்டும் என்று ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்களே, அதற்காக. அதன் பின்பக்கம் தேதி போட்டு அக்காவின் படத்தோடு வைத்திருக்கிறேன்.