வலி போனது, எலும்பும் போனது

53 வயதில் கால் தடுக்கி விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்தது. சந்தேகப்பட்டு, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பில் டி-ஸ்கோர், அதாவது அடர்த்திக்கான மதிப்பெண், மைனஸ் 2.6. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலே எலும்புப்புரைதான். எலும்பைக் காக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் குறைவு, காலை நேரத்தில் இரண்டு தடவை பார்த்து உறுதி செய்தார்கள்.

ஹார்மோன் ஊசி என்றதும் எனக்கு உதறல். "பக்கவிளைவே இல்லை சார், பிரண்டை எலும்பைக் கட்டும், நெருஞ்சிலும் அமுக்கராவும் ஹார்மோனை ஏற்றும்" என்று ஒருவர் போனில் பேசிய பேச்சில் விழுந்து, அவர் விற்ற பொடியை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தேன். நெருஞ்சில் டெஸ்டோஸ்டிரோனை ஏற்றும் என்பது மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில் உறுதியாகவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஏமாந்தவனுக்குப் பிறகுதானே எல்லாம் தெரிகிறது.

பத்தே நாளில் முதுகுவலி பறந்துவிட்டது. நல்ல பசி, நல்ல தெம்பு. தெரிந்தவர்கள் இரண்டு பேருக்கு நானே சிபாரிசும் செய்தேன், வெட்கக்கேடு. எலும்புப்புரை, எலும்பு உடைகிற வரை பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது. அது தேறினாலும் பத்து நாளில் உடம்புக்குத் தெரியாது. அப்படியிருக்க எனக்கு எது சரியானது? அந்தக் கேள்வி அப்போது தோன்றவில்லை.

நாலாம் மாதம் முகம் உப்பியது, லேசாக இடித்தாலே தோல் கன்றியது. விற்றவரைக் கேட்டால், "மருந்து பிடிக்குது சார், உடம்பு பூரிக்குது" என்றார். பதினோராம் மாதம் மறுபடி ஸ்கேன்: மைனஸ் 3.1.

டாக்டர் என் முகத்தைப் பார்த்தவுடன் பொடி டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசால், காலை ரத்தப் பரிசோதனையில் அடிமட்டத்தில் இருந்தது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால் உடம்பு தன் சுரப்பைக் குறைத்துவிடுமாம். பொடியில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்கிறார். வலியை உடனே அடக்குவது அதுதான். எலும்பை அரிப்பதும், இருக்கிற டெஸ்டோஸ்டிரோனையும் அமுக்குவதும் அதேதான். விற்றவர் இப்போது போனையே எடுப்பதில்லை.

இப்படி ஒரு பொடியை மாதக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு இன்றே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஸ்டீராய்டு திடீரென்று நின்றால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனக்கு மாத்திரை கொடுத்துப் படிப்படியாகத்தான் குறைக்கிறார்கள். டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், லேபிளைக் கிழிக்காமல்.