வீலிங் பயிற்சி முகாமில் பணம் கட்டும் முன், பின் பிரேக்கை மிதித்துப் பாருங்கள்

கோயம்புத்தூர்ப் புறநகரில் வார இறுதிகளில் நடக்கும் ஆஃப்ரோடு பைக் பயிற்சி முகாம் ஒன்றில் பணம் கட்டி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். வீலிங், அதாவது முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் மட்டும் ஓட்டுவதைக் கற்றுக்கொள்ளும் ஆசையில் இத்தகைய முகாம்களைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்த பிறகு முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அனுபவமுள்ள பயிற்சியாளர், நல்ல நிலையில் உள்ள எக்ஸ்பல்ஸ் 200 வண்டிகள், முழங்கால் காப்பு முதல் பூட்ஸ் வரை அனைத்தும் கட்டணத்தில் அடக்கம் என்றுதான் விளம்பரம் செய்திருந்தார்கள். அங்கே போனால், காப்புகள் பாதிப் பேருக்குக்கூடப் போதவில்லை.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம்; பின் பிரேக் விஷயத்தில் காட்டிய அலட்சியத்தைப் பொறுக்க முடியாது. வீலிங்கில் முன்சக்கரம் தரையில் இல்லாததால், முன் பிரேக்கால் எந்தப் பயனும் இல்லை. வண்டி சமநிலையைத் தாண்டிப் பின்பக்கம் சாயத் தொடங்கிவிட்டால், ஆக்சிலரேட்டரை விடுவதும் போதாது. வலது காலால் பின் பிரேக்கை மிதித்தால்தான் முன்சக்கரம் இறங்கும். அதனால்தான் முறையாகக் கற்றுத்தருபவர்கள், பாதத்தைப் பெடலின் மேலேயே வைத்திருக்கச் சொல்லி, முதல் கியரில் மெதுவாகப் போய், கிளட்ச்சை விட்டு முன்சக்கரத்தை ஒரு சாண் மட்டும் தூக்கி, உடனே பிரேக்கை மிதித்து இறக்குவதை, கால் தானாகவே மிதிக்கப் பழகும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார்கள்.

இங்கே அந்தப் பாடமே இல்லை. "நல்லா முறுக்குங்க, கிளட்ச்சை டக்குனு விடுங்க" என்பதோடு முடித்துக்கொண்டார்கள். எனக்குக் கொடுத்த வண்டியின் பின் பிரேக் பெடல் பஞ்சுபோல் அடிவரை அமுங்கியது. குனிந்து பார்த்தால், பிரேக் ஆயில் குறைந்தபட்ச அளவுக் கோட்டுக்கும் கீழே கிடந்தது. "எல்லா வண்டியும் அப்படித்தான் சார், ஓட்ட ஓட்டப் பழகிடும்" என்றார் பயிற்சியாளர். ஓட்ட மாட்டேன் என்று நான் வாதிட்டுக்கொண்டிருந்தபோதே, வேறொரு வண்டியில் இருந்த கல்லூரி மாணவர், முறுக்கிய வேகத்தில் வண்டி செங்குத்தாக எழும்ப, கால் பெடலைவிட்டு நழுவி மல்லாந்து விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. முதலுதவிப் பெட்டிகூட அங்கே இல்லை. எங்களில் ஒருவருடைய காரில்தான் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வலியில் துடித்தவரிடம் உடைந்த டெயில் லைட்டுக்கும் மட்கார்டுக்கும் முகாம் நடத்தியவர்கள் பணம் கேட்டதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

கட்டணத்தைத் திருப்பிக் கேட்டபோது, விபத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று எங்களிடம் முன்பே கையெழுத்து வாங்கிய தாளை நீட்டினார்கள். அதைப் பார்த்து யாரும் பின்வாங்க வேண்டாம். சேவைக் குறைபாட்டுக்கு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எந்த முகாமானாலும், பணம் கட்டுவதற்கு முன் நேரில் போய், உங்களுக்குத் தரப்போகும் வண்டியின் பின் பிரேக்கை மிதித்துப் பாருங்கள்; முதல் ஒரு மணி நேரத்தில் என்ன சொல்லித்தருவார்கள் என்று கேளுங்கள். அதற்கான பதிலில் பின் பிரேக் வரவில்லையென்றால், அங்கே பணம் கட்டாதீர்கள். எங்கள் முறையீட்டில் கட்டணத்தோடு அந்த மாணவரின் மருத்துவச் செலவையும் சேர்த்தே கேட்டிருக்கிறோம்.