மூடுபனி அறைக்கு இளஞ்சாம்பலா, வெளிர் சந்தனமா?

குன்னூரில் தேயிலைச் சரிவைப் பார்த்து வடக்கு ஜன்னல் வைத்த எங்கள் படுக்கையறைக்காக, ஒரே நிறுவனத்தின் ஒரே எமல்ஷன் வகையில் இளஞ்சாம்பலையும் வெளிர் சந்தனத்தையும் சிறு டப்பாக்களில் வாங்கி, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரிலும் ஜன்னலை ஒட்டிய சுவரிலும் அடுத்தடுத்து இரண்டு கோட் அடித்துப் பார்த்தோம். ஒளியைத் திருப்பி அனுப்பும் திறனைக் காட்டும் எண், கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100 என்ற கணக்கில், இரண்டுக்குமே ஏறக்குறைய 70 என்று ஷேடு கார்டில் இருந்தது. எதை அடித்தாலும் அறை ஒரே அளவு வெளிச்சமாகத்தான் இருக்கும் என்றார் கடைக்காரர். எண்ணளவில் அது சரிதான்.

மூடுபனி இறங்கிய பகலில் இளஞ்சாம்பல் நீலம் பாய்ந்து, காயாத சிமெண்டுப் பூச்சைப் போல் தெரிந்தது. மேகத்தின் வழியே வடக்கிலிருந்து வரும் ஒளி நீலச் சாயல் கொண்டது. தனக்கென அழுத்தமான சாயல் இல்லாத சாம்பல் அதை அப்படியே வாங்கிக்கொள்கிறது. சந்தனத்தில் கலந்துள்ள மஞ்சளோ அந்த நீலத்தை ஈடுகட்டிவிடுகிறது. வடக்கு அறைக்கு வெயிலே வராது என்னும் பொதுவான அறிவுரை நமக்கு முழுதும் பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும்: 11 பாகை அட்சரேகையை ஒட்டிய நீலகிரியில் ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். மே மாதக் காலை வெயிலில் இளஞ்சாம்பல் உண்மையிலேயே அழகு. ஆனால் ஜூனில் மேகம் மூடிவிட்டால் அந்த அழகு போய்விடும், அக்டோபர், நவம்பர் மழையில் கேட்கவே வேண்டாம்.

சந்தனத்துக்கும் குறை உண்டு. வெயில் நாளில் தேயிலைச் சரிவின் பச்சை பட்டு, ஜன்னலை ஒட்டி ஒரு கை அகலத்துக்குச் சுவர் சோகை பிடித்ததாகத் தோன்றுகிறது. 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு; எண் குறைந்தால் மஞ்சள் கூடும்) மஞ்சள் பல்பின் கீழ் அதன் மஞ்சள் சற்று மிகுந்துவிடுகிறது. அதே பல்பின் கீழ் சாம்பல் இதமாக இருக்கிறது. அடியிலிருந்த பழைய பச்சையை மறைப்பதிலும் சாம்பலே மேல். காய்வதில் இரண்டும் ஒன்றுதான்: டப்பாவில் நான்கு மணி நேர இடைவெளி போதும் என்றிருந்தாலும், இந்த ஈரக் குளிரில் மறுநாள்தான் இரண்டாவது கோட் அடிக்க முடிந்தது.

பகலிலும் புழங்கும் அறை என்பதால் சந்தனத்தையே முடிவு செய்து, மஞ்சள் குறைந்த 4000 கெல்வின் பல்புக்கு மாறிக்கொண்டோம். தெற்கு ஜன்னல் உள்ளவர்களும் இரவில் மட்டும் அறையைப் பயன்படுத்துபவர்களும் இளஞ்சாம்பலைத் தாராளமாக எடுக்கலாம். விலையில் வேறுபாடு இல்லை.