ரிக்கோ ஜிஆர் 3, சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3: குமரி மாவட்டத்தில் இரண்டையும் வைத்துப் படமெடுத்த அனுபவம்

ரிக்கோ ஜிஆர் 3 கேமரா சட்டைப் பைக்குள் போகும். சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3 போகாது. திணித்தாலும் பை தொங்கும். தாளில் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து ஜிஆர் 257 கிராம், சோனி 290 கிராம். நீளத்திலும் உயரத்திலும் சோனிதான் சின்னது. ஆனால் தடிமன் ஜிஆருக்கு 33 மில்லிமீட்டர், சோனிக்கு 41. தினமும் பஸ் ஏறி வேலைக்குப் போகிறவருக்கு இந்த 8 மில்லிமீட்டர் பெரிய விஷயம். எது கூட வரும், எது அலமாரியில் இருக்கும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

எங்கள் வீடு குலசேகரம் பக்கம், சுற்றிலும் ரப்பர். வேலை நாகர்கோவிலில். அக்கா வீடு முட்டத்தில், கடலுக்கு அடுத்தாற்போல. மதியம் 12 மணிக்குக்கூட ரப்பர் தோட்டத்துக்குள் மங்கல்தான். அதே நேரம் முட்டம் பாறைமேல் நின்றால் கண்ணைத் திறக்க முடியாது. மலையும் கடலும் இவ்வளவு நெருங்கிக் கிடக்கிற மாவட்டத்தில் இந்த இரண்டு வெளிச்சத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். அதனால் எந்தக் கேமரா நல்லது என்று யாராவது கேட்டால், ‘எங்க வச்சு எடுப்பீங்க?’ என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

2014ல் வந்த சோனியையும் 2019ல் வந்த ரிக்கோவையும் ஒப்பிடலாமா என்றால், தாராளமாக ஒப்பிடலாம். கைமாறிய கேமரா தேடுகிறவர் முன்னால் இந்த இரண்டும் சேர்ந்தே வந்து நிற்கின்றன. சோனியில் அடுத்து வந்த மார்க் 4, மார்க் 5 இரண்டிலும் இதே 24–70 மி.மீ. ஜூம்தான் (எண் கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும்). மார்க் 6ல் ஜூம் 200 வரை நீண்டது, ஆனால் எஃப் 1.8 என்ற அகன்ற லென்ஸ் திறப்பு போய்விட்டது (இந்த எண் குறைந்தால் வெளிச்சம் கூடும்). ரிக்கோவில் 40 மி.மீ. பார்வையோடு ஜிஆர் 3 எக்ஸ் 2021ல் வந்தது, ஜிஆர் 4 2025ல் வந்தது. நான் இங்கே சொல்வதில் பாதியாவது அவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாகப் பதியும் பகுதி. ஜிஆரில் இருப்பது ஏபிஎஸ்-சி என்ற பெரிய அளவு, 24 மெகாபிக்சல். சோனியில் 1 இன்ச், 20 மெகாபிக்சல். பரப்பளவில் ஜிஆருடையது 3 மடங்குக்கும் கொஞ்சம் கூடுதல். இதை மட்டும் படித்துவிட்டு, இருட்டில் ஜிஆர் 3 மடங்கு நல்லது என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். லென்ஸை விட்டுவிட்டுப் போடும் கணக்கு அது. ஜிஆர் லென்ஸுக்கு ஜூம் கிடையாது, 28 மி.மீ. பார்வை மட்டும்தான். அதன் திறப்பு எஃப் 2.8. சோனி 24 மி.மீ.யில் எஃப் 1.8 வரை திறக்கும், ஏறக்குறைய 2.4 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். சின்ன சென்சாரால் போனதில் பெரும்பகுதியை அந்த லென்ஸ் மீட்டுக் கொடுத்துவிடும். ஜூம் செய்யச் செய்யத் திறப்பு குறுகி 70ல் 2.8 ஆகும்போதுதான் ஜிஆரின் பெரிய சென்சார் தெளிவாக முந்துகிறது.

ஜிஆரின் உண்மையான பலம் இருட்டு மட்டுமில்லை. இருட்டும் வெளிச்சமும் ஒரே படத்துக்குள் வரும் இடம். ரப்பர் தோட்டத்துக்குள் நின்று நிமிர்ந்து பாருங்கள். மரத்தடி கருப்பு, இலை இடுக்கில் வானம் சுட்டெரிக்கும் வெள்ளை. சோனியில் வானத்தைக் காப்பாற்றினால் அடிமரத்தின் வெட்டுப்பட்டை சேறு மாதிரி ஆகிவிடும். ஜிஆரில் ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறனை) 100ல் வைத்து, கொஞ்சம் இருட்டாகவே எடுத்து, ரா கோப்பில் (கேமரா மெருகேற்றாத மூலப்படத்தில்) நிழலை உயர்த்தினால் சிரட்டையில் சொட்டுகிற பாலின் பளபளப்பு வரைக்கும் கிடைக்கும். மார்கழி, தையில் மரம் இலை உதிர்த்த பிறகு தோட்டமே வேறு இடமாகிவிடும். தரைவரை வெயில் வரும். அப்போது இரண்டு கேமராவுக்கும் இவ்வளவு தூரம் இருக்காது. இலை தழைத்து நிற்கிற மாதங்களில்தான் ஜிஆர் தன் விலைக்கு நியாயம் செய்கிறது.

பத்மநாபபுரம் அரண்மனையும் இதே வகை வெளிச்சம். மரச்சட்டங்களுக்கு இடையே கீற்றாக வெயில் வரும், கருந்தரை அதை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். மந்திரசாலையின் வண்ண மைக்கா சாளரங்களுக்கு முன்னால் நின்று கையிலேயே எடுத்த ஜிஆர் படங்களை அடித்துக்கொள்ள சோனியால் முடியவில்லை. ஜிஆரில் சென்சாரே அசைந்து கைநடுக்கத்தைச் சரிக்கட்டும். மூச்சை அடக்கிப் பிடித்தால் ஷட்டர் நொடியில் எட்டில் ஒரு பங்கு போனாலும் படம் நிற்கும். அந்த இடத்தில் பிளாஷ் போடுவது படத்தையே கொன்றுவிடும். அதனால் ஜிஆரில் பிளாஷ் இல்லாதது அங்கே ஒரு குறையாகவே படாது.

ஜிஆரைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால், ஸ்னாப் ஃபோகஸ் பற்றிச் சொல்வேன். ஃபோகஸ் தூரத்தை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளலாம்: 1 மீட்டர், 1.5, 2, 2.5, 3.5, 5, அல்லது முடிவிலி. ஷட்டரை ஒரே அழுத்தாக அழுத்தினால் கேமரா எதையும் தேடாது, அந்தத் தூரத்தில் படத்தை எடுத்துவிடும். எஃப் 8, 2.5 மீட்டர் என்று வைத்தால் ஏறக்குறைய 1.2 மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாக விழும். வெளிச்சம் நன்றாக இருக்கிற காலை நேரத்தில், ஷட்டர் 250ல் ஒரு பங்குக்குக் கீழே போகாதபடி ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டால், அப்புறம் திரையைப் பார்க்கவே தேவையில்லை.

தோவாளை பூச்சந்தையில் இது எவ்வளவு உதவும் என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். விடிவதற்குள் கூட்டம் நெருக்கும். பிச்சியும் கேந்தியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும், எடை போடுவார்கள், கை மாறும். எதுவும் இரண்டு நொடி நிற்காது. யாருடைய வழியையும் மறிக்காமல், இடுப்பளவில் கேமராவை வைத்துக்கொண்டே எடுத்துவிடலாம். பூ கட்டுகிற அக்காக்களிடம் முதலில் பேச்சுக் கொடுத்து, சம்மதம் கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன். கேட்ட பிறகு அவர்கள் வேலையை நிறுத்தவே மாட்டார்கள், கேமராவும் அவர்களைக் காத்திருக்க வைக்காது. சோனியிலும் கையால் ஃபோகஸ் வைத்து இதைச் செய்யலாம். ஆனால் அணைத்துவிட்டு மறுபடி போட்டு, ஜூமையும் தூரத்தையும் சரிபார்ப்பதற்குள் அந்தக் கணம் போய்விடும். மேக்ரோவில் ஜிஆர் 6 செ.மீ. வரை நெருங்கும், பூவின் நரம்புக்கு அது போதும்.

மங்கிய வெளிச்சத்தில் தானியங்கி ஃபோகஸ் மட்டும் ஜிஆரின் பலவீனம். தேடும், தடுமாறும். இரவுத் தேர்ப்பவனியில் அதை நம்பி நிற்க முடியாது. அங்கேயும் ஸ்னாப்தான் கைகொடுக்கும்.

சரி, இப்போது கடற்கரைக்கு வருவோம். இங்கே நிலைமை தலைகீழ்.

முட்டத்திலும் சொத்தவிளையிலும் காலை 9 மணிக்கு மேல் எந்தத் திரையும் தெரியாது. ஜிஆரில் வெளிப்புற வெளிச்சத்துக்காகத் திரையைக் கூட்டும் அமைப்பு இருக்கிறது. கூட்டினாலும் பாதி ஊகம்தான். கேமராவின் கோணம் தெரியும், ஓரத்தில் என்ன நுழைகிறது என்று தெரியாது. சோனியில் இடப்பக்க விசையைத் தள்ளினால் வ்யூஃபைண்டர் மேலே எழும்பும், கேமராவும் தானாகவே இயங்கத் தொடங்கும். கண்ணாடித் துண்டைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டு, கண்ணை ஒட்டி வைத்தால் வெயில் மறைந்துவிடும். சின்ன வ்யூஃபைண்டர்தான், ஆனால் நடுப்பகலில் அலை உடைகிற கணத்தைப் பார்த்து எடுக்க முடிகிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அதை உள்ளே தள்ளினால் கேமராவே அணைந்துவிடும். திரைக்கு மாறலாம் என்று தள்ளிவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

அப்புறம் தூரம். கரையில் நின்றே இழுக்கும் கரமடி வலையை இழுக்கும்போது இரண்டு வரிசையாக நின்று இழுப்பார்கள். கயிற்றுக்குள் போய் நிற்பது அவர்களுக்கும் தொந்தரவு, நமக்கும் ஆபத்து. ஒதுங்கி நின்று 70 மி.மீ.யில் எடுத்தால் முகத்தின் இறுக்கம், கையின் நரம்பு எல்லாம் வரும். ஜிஆரின் 28ல் அதே இடத்திலிருந்து எடுத்தால் மணல்தான் நிறைய இருக்கும். 35, 50 என்று வெட்டியெடுக்கும் வசதி உண்டு. ஆனால் 50ல் கிடைப்பது சுமார் 7 மெகாபிக்சல். போனில் பார்க்கலாம், பெரிதாக அச்சடிக்க யோசிக்க வேண்டும். கன்னியாகுமரிக் கரையிலிருந்து 133 அடி திருவள்ளுவர் சிலையை எடுப்பதற்கும் இதே கதை. 28ல் கடலும் வானும் பிரமாதமாக விரியும், சிலை விரல் உயரத்துக்கு வந்துவிடும். 2024 டிசம்பரில் விவேகானந்தர் பாறையையும் சிலை நிற்கும் பாறையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு இரண்டு பாறைகளையும் பாலத்தையும் ஒரே சட்டத்துக்குள் இறுக்கமாகக் கட்டுவதற்குச் சோனியின் ஜூம் ரொம்பவே வசதி.

கரமடிக் கரையில் ஒரு பெரியவர் என் கையைப் பார்த்து, ‘எடே மக்கா, இதுலயா படம் விழும்?’ என்று கேட்டார். எடுத்ததைக் காட்டினேன். ‘எனக்கும் ஒண்ணு பிரதி போட்டுத் தா’ என்றார். அடுத்த முறை போனபோது கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரிய லென்ஸ் மாட்டிய கேமராவோடு போனால் ஆட்கள் விறைத்துக்கொள்வார்கள், அல்லது எந்தப் பத்திரிகை என்று கேட்பார்கள். இந்தச் சின்னக் கேமராக்கள் அந்தச் சுவரை எழுப்புவதில்லை. இந்த விஷயத்தில் இரண்டும் சமம்.

அந்தி நேரத்தில் குடும்பத்தோடு படமெடுப்பவர்களுக்குச் சோனியின் பிளாஷ் தனி லாபம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இறங்கும்போது முகம் கருத்துவிடும். சோனியில் உள்ளேயே எழும்பும் பிளாஷ் இருக்கிறது. லென்ஸுக்குள்ளேயே திறந்து மூடும் லீஃப் ஷட்டர் என்பதால் வேகமான ஷட்டரிலும் அது ஒத்துழைக்கும். வானத்தின் நிறமும் கெடாது, முகமும் தெரியும். வீட்டுக்குள் எடுக்கும்போது விரலால் அதைப் பின்னுக்குச் சாய்த்து உத்தரத்தில் பட்டுத் திரும்பும்படி செய்யலாம். வெளிச்சம் மென்மையாக விழும். ஜிஆரில் மேலே பிளாஷ் மாட்டும் இடம் உண்டு, ஆனால் அதைத் தனியாகச் சுமந்தால் சட்டைப் பை கேமரா என்பதற்கே அர்த்தமில்லை.

திரை மடங்குவதும் சோனியில்தான். ஓணத்துக்கு முற்றத்தில் அத்தப்பூ போட்டால் கையைத் தலைக்கு மேல் தூக்கி, திரையைக் கீழ்ப்பக்கம் சாய்த்து, மேலிருந்து எடுக்கலாம். வீடியோவும் சோனியில்தான் எடுக்கத் தோன்றும். ஜிஆர் வீடியோவுக்கான கருவியே இல்லை.

பேட்டரி: ஜிஆருக்கு ஒரு சார்ஜில் 200 படம், சோனிக்கு 320 படம் என்று அளவு. ஜிஆர் வாங்கினால் கூடுதல் பேட்டரியையும் அன்றே வாங்கிவிடுங்கள். இரண்டையும் பவர்பேங்கில் சார்ஜ் செய்யலாம். ஜிஆருக்கு டைப்-சி, சோனிக்குப் பழைய மைக்ரோ யுஎஸ்பி.

நம் ஊரில் கேமரா வைத்திருப்பவர்கள் எல்லாரும் பயப்பட வேண்டியது உப்பும் ஈரமும். இரண்டு கேமராவிலும் தூசி, நீர் தடுப்பு எதுவும் கிடையாது. இரண்டிலும் லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே மடங்கும். மடங்கும்போது காற்றோடு நுண்மணலையும் இழுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. ஜிஆர் பயன்படுத்துகிறவர்கள் உலகெங்கும் பொதுவாகச் சொல்லும் குறையே சென்சாரில் தூசி படிவதுதான். சென்சாரை அதிரவைத்துத் தூசி உதிர்க்கும் அமைப்பு உள்ளே இருக்கிறது, ஆனாலும் முழுக்க நம்ப முடியாது. அதனால் ஆடிக்காற்று வீசும் நாளில் மணலில் வைத்து நான் ஜிஆரைத் திறப்பதே இல்லை. கடலிலிருந்து திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைப்பேன். லென்ஸ் கண்ணாடியில் மட்டும் அந்தத் துணி படக்கூடாது.

நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனிலிருந்து டிசம்பர் வரை ஈரம் விட்டுப் போகாது. கேமராவைத் தோல் உறைக்குள் போட்டு பீரோவில் வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். இறுக மூடுகிற பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், இது போதும். நீல மணிகள் இளஞ்சிவப்பானதும் உலர்த்த வேண்டும். ஏசி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுக்காமல் பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் விடுங்கள், பனி படியாது.

இதற்கெல்லாம் போன் போதாதா என்று கேட்கிறார்கள். ரப்பர் தோட்டத்தின் இருட்டைப் போன் இருட்டாக விடுவதில்லை, எல்லாவற்றையும் வெளுத்துக் காட்டிவிடும். எனக்கு அந்த நிழல் வேண்டும்.

தினமும் என்னோடு வருவது ஜிஆர் 3. என் படங்களில் பெரும்பாலானவை இரண்டு மூன்று மீட்டருக்குள் இருக்கும் மனிதர்கள், பஸ், சந்தை, வீட்டு முற்றம். சோனியை அக்கா வீட்டிலேயே விட்டிருக்கிறேன். அவளும் பிள்ளைகளும் தாராளமாக எடுக்கிறார்கள், நானும் கடலுக்குப் போகும்போது அதைத்தான் எடுத்துக்கொள்கிறேன். கடலோரத்தில் குடியிருப்பவர், அல்லது குழந்தைகளையும் விசேஷங்களையும் எடுக்க ஒரே ஒரு கேமரா வேண்டும் என்பவர், தயங்காமல் சோனி வாங்கலாம்.

கைமாறியதை வாங்குவதானால் கடையிலேயே சில சோதனைகள் செய்துவிடுங்கள். ஜிஆரில் எஃப் 16, சோனியில் எஃப் 11 வைத்து வெள்ளைச் சுவரையோ தெளிந்த வானத்தையோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளி இருந்தால் அது உள்ளே போன தூசி. போன் டார்ச்சை லென்ஸுக்குள் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். சோனியில் வ்யூஃபைண்டரைப் பலமுறை எழுப்பி இறக்கிப் பாருங்கள், ஜூம் நகரும்போது மணல் உரசுகிற சத்தம் வருகிறதா என்று காது கொடுங்கள். ஸ்க்ரூ தலைகளில் துரு இருந்தால் அது கடற்கரையில் வாழ்ந்த கேமரா. விலையைக் குறைத்தாலும் வேண்டாம்.